உயராத கை

கலைக்கப்பட்ட பீரங்கிப் படைப்பிரிவின் வரலாற்றை எழுதியவர் வால்டெர். சுட்டதும் பீரங்கி பின்னால் உதைக்கும். அதனால் விலகி நின்ற ஒவ்வொருவரும் கையை உயர்த்திய பிறகுதான் சுட உத்தரவிட வேண்டும். 1974 பனிக்காலப் பயிற்சியில் குழுவின் ஆறாவது ஆளான ஏகோன் பீரங்கி உதைத்துச் செத்ததைப் பற்றி, 'அவன் கை உயர்ந்திருந்தது' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று உத்தரவிட்டவர் அவர்தான். கைகளை அவர் எண்ணவே இல்லை.

புத்தகம் வெளியான ஜூன் மாதத்து மதியம், படைப்பிரிவின் அருங்காட்சியகத்தில், அவரைத் தவிர மிஞ்சிய ஐந்து கிழவர்களும் பழைய பீரங்கியைச் சுற்றி நின்று கையை உயர்த்தினார்கள்.

"போட்டோவுக்குத்தான்யா, உத்தரவு குடு. காபி ஆறுது," என்றார் சிக்ஸ்டென்.

வால்டெர் எண்ணினார். ஐந்து கைகள் உயர்ந்திருந்தன. பீரங்கிக்குப் பின்னால், ஆறாவது ஆளின் இடத்தில், சிவப்புக் கையுறை போட்ட கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பனி உருகிச் சொட்டியது.

"என்னய்யா யோசனை? எல்லார் கையும் மேலதானே இருக்கு?"

"அவன் இன்னும் தூக்கலையே."

சிக்ஸ்டென் மெல்லக் கையை இறக்கினார். ஒவ்வொருவராகக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். வால்டெர் காத்திருந்தார்.

மாலையில் பூட்ட வந்த பெண், பீரங்கிக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "கிளம்பலாமா ஐயா?" என்றாள்.

கை இன்னும் உயரவில்லை.