கடைவாய்ப் பல்

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு கோதண்டராமன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. பேச முடியாது என்று கையைக் காட்டினார்.

எனக்கு எரிச்சலாக வந்தது, அவர் மேல் அல்ல, என் மேல். பல் வலி என்று எழுதச் சொன்னவளே நான்தான்.

வேலூருக்கு வெளியே இருக்கும் ராணுவக் கிடங்கு இது. ஆம்பூர், மாதனூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தைத்த பூட்ஸ் எல்லாம் இங்கே வந்து இறங்கும். அவற்றைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டதையும் அடி ஒட்டாததையும் தள்ளிவைப்பது கோதண்டராமனின் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறார்.

ஊழியர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்க வியாழக்கிழமைதோறும் நான் வருகிறேன். இங்கே பேசுவது எதுவும் இந்த அறையைத் தாண்டாது என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒட்டிய புண்ணியவான்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். வேலை நேரத்தில் இடத்தை விட்டு நகர வேண்டுமானால் பாஸ் வேண்டும். பாஸில் காரணம் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பாஸ் அவர் மேசையில் நாள் முழுக்கக் கிடக்கும். டீ கொண்டுவருகிறவர்வரை எல்லோரும் அதைப் படிப்பார்கள்.

மனசு சரியில்லை என்று எந்த ஆம்பளை அதில் எழுதுவான்?

என் அறைக்குப் பக்கத்தில்தான் மருந்து கொடுக்கும் இடம். அதனால், பல் வலி என்று எழுதிவிட்டு வாருங்கள் என்றேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அவரை என்னிடம் சேர்த்துவிட்டது அவர் மனைவி ராஜம்மாள். போனில் எல்லாவற்றையும் சொன்னார்.

மகன் சூரியபிரகாஷ் ராணுவத்தில் இருந்தான். போன வருடம் எல்லையில் பனிச்சரிவில் இறந்துபோனான். கொடி போர்த்திய பெட்டி குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊருக்கு வந்து இறங்கியது. அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். இவர் வாய்விட்டு அழப்போன நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தோளை அழுத்தி, வீரனைப் பெற்றவன் அழக்கூடாது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்றார்களாம்.

அழவில்லை. பதினோரு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தூக்கமும் போய்விட்டது.

"ஒரு வாட்டி அழுதுட்டார்னா போதும் மேடம், பொழச்சிக்குவாரு," என்றார் ராஜம்மாள்.

மூன்று வாரம் பல் வலி என்று எழுதிவிட்டு வந்தார். மூன்று வாரமும் பூட்ஸைப் பற்றித்தான் பேசினார். பசை சரியில்லை என்றார். நூல் மட்டம் என்றார். மூன்றாவது வாரம், எட்டாம் நம்பர் பூட்ஸில் மட்டும் கை போவதே இல்லை என்றார். மகனுக்கு என்ன நம்பர் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

இன்று நான்காவது வாரம்.

காலையில் பாஸைப் பார்த்த சூப்பர்வைசருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாதமாகப் பல்லை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறாரே என்று ஆபீஸ் ஜீப்பிலேயே ஊருக்குள் பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன். அவரை எப்படித் திட்டுவது?

டாக்டர் தட்டிப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை என்றார். கோளாறு இல்லை என்ற சீட்டோடு திரும்பினால், மூன்று வாரமாக எங்கே போனாய் என்ற கேள்வி வரும். இவர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டி, இதுதான், பிடுங்கினால்தான் ஆச்சு என்று அடம்பிடித்திருக்கிறார். பிடுங்கிவிட்டார்கள்.

இவ்வளவையும் என் நோட்டில் எழுதிக் காட்டினார். படித்து முடித்ததும் எனக்கு அழுகை முட்டியது. என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு நல்ல பல் போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கே பெரிய அதிகாரியிடம் பேசுகிறேன், அடுத்த வாரத்திலிருந்து பாஸே இல்லாமல் வரலாம், இனி எந்தப் பொய்யும் எழுத வேண்டாம் என்றேன்.

அவர் அவசரமாகக் கையை ஆட்டித் தடுத்தார். பஞ்சை எடுத்துக் காகிதத்தில் சுருட்டிவைத்தார். நாக்கு இன்னும் மரத்திருந்ததால் வார்த்தைகள் குழறின.

"ஊசி போட்டுட்டாங்க மேடம், வலியே இல்ல. ஆனா ஜீப்புல வர்றப்ப கண்ணுல தண்ணி வந்துச்சி. நிக்கவே இல்ல. வண்டி ஓட்டினு வந்த ஒவைஸு ஓரமா நிறுத்திட்டு, 'அழுண்ணே, பல்லு வலின்னா பேஜாருதான், நல்லா அழு'ன்னான். அப்புறம் கேட்டுல, செக்‌ஷன்ல, அத்தினி பேர் எதிர்ல அழுதேன். ஒருத்தரும் தடுக்கல."

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்திவைத்தார்.

"பாஸு இருக்கட்டும் மேடம்," என்றார்.

வாயைத் திறந்து, ரத்தம் கசியும் பள்ளத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"இன்னும் பல்லு இருக்கு."