தேயாத பல்

பற்களைக் கடிக்கவும் மெல்லவும் வைத்துச் சோதிக்கும் இயந்திரத்தில் இரண்டு செயற்கைப் பற்களை மாட்டினார்கள். ஒன்று பீங்கான், மற்றொன்று பிளாஸ்டிக் போல இறுகிய பிசின். ஒவ்வொன்றுக்கும் கீழே, யாருக்கோ பிடுங்கிய நிஜப் பல் ஒன்று. ஜெயிக்கும் பல் ஒரு மனிதரின் வாய்க்குள் போகும். தோற்பது குப்பைக்குப் போகும்.

இயந்திரம் கடகடவென்று அரைக்கத் தொடங்கியது.

"என்ன தம்பி, அதுக்குள்ள தேய்ஞ்சுட்டியா?" என்று பீங்கான் சிரித்தது. "என்னைப் பாரு, ஒரு கீறல் இல்லை! நாளைக்கே முறுக்கு கடிக்கப் போறேன்!"

"நானும் கீழே இருக்கிறவரும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கோம், அண்ணே" என்றது பிசின்.

"கொஞ்சம் மெதுவா..." என்று பீங்கானுக்குக் கீழிருந்த பல் முனகியது.

"சும்மா இருய்யா! நான் ஜெயிச்சிட்டிருக்கேன்!"

இயந்திரம் நின்றது. ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பீங்கான் பளபளவென்று காத்திருந்தது. அவரோ குனிந்து கீழ்ப்பற்களை மட்டும் பார்த்தார். பிறகு பிசினைக் கழற்றிப் பஞ்சு வைத்த டப்பாவில் பத்திரப்படுத்தினார்.

"அநியாயம்! நான் தேயவே இல்லையே!" என்று பீங்கான் கத்தியது. "யோவ், கூடவே இருந்தியே, நீயாவது சொல்லேன்!"

கீழே வேர் மட்டும்தான் மிச்சமிருந்தது.