ரீஸின் கடைவாய்ப் பல்

"இது ஆறாவது தடவை, லோர்னா!"

டெனீஸ் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தேதியைத் தேடினாள்.

"என்ன பண்றது கண்ணு? இன்னிக்குப் பயங்கர காத்து. தீவுலேர்ந்து விமானம் கிளம்பலையாம்."

"போன வாரம் உடம்பு சரியில்லன்னீங்க. அதுக்கு முன்னாடி, தீவுல பறவைக்குஞ்சு பிடிக்கிற சீசன், ஊரே அதுக்காகக் கொட்டகையில போய்த் தங்கியிருக்குன்னீங்க. இன்னிக்குக் காத்தா? இங்க லான்செஸ்டன்ல ஒரு இலை அசையல!"

"எங்க காத்து அங்கெல்லாம் வராது கண்ணு. எங்களுக்கே பத்தல."

லோர்னா சிரித்தாள். டெனீஸ் சிரிக்கவில்லை.

ஈஸ்டருக்கு அப்புறம்தான் அவள் இந்தப் பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை பத்து மணி என்றால் ரீஸ் என்ற இந்தப் பெயர்தான். சிங்கி இறால் பிடிக்கிற படகில் வேலையாம். இதுவரை முகத்தைக் காட்டியதில்லை. அம்மாவின் குரல் மட்டும் வாரம் தவறாமல் வந்துவிடும்.

பிப்ரவரியில் ரூட் கெனால் ஆரம்பித்தது. பிடுங்க வேண்டாம், பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருந்தார். மூன்று வாரத்தில் வந்து முடித்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது ஜூன்.

"அந்த அடைப்பு இத்தனை நாள் தாங்காது. உள்ள சீழ் வச்சா நல்ல பல்லு போயிடும். இருபத்துநாலு வயசு ஆம்பள! போன் பண்றதுக்குக்கூட அம்மா வேணுமா?"

"சின்னதுலேர்ந்தே சோம்பேறிதான் அவன்."

"எல்லாம் நீங்க குடுக்கிற செல்லம். போனை அவர்கிட்ட குடுங்க. நாலு வார்த்தை நானே கேக்கறேன்."



"அவன்... படகுல போயிருக்கான் கண்ணு. நீ சொல்றத அப்படியே சொல்லிடறேன். இன்னும் என்ன சொல்லணும்?"

"காத்துல விமானமே கிளம்பல, படகு மட்டும் கிளம்புதா? என்கிட்டயே பொய்யா?"

எதிரே நெவில் வீங்கின கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரர். ஏழு மணிக்கே வந்துவிட்டார், யாராவது வராமல் போனால் அந்த நேரம் கிடைக்காதா என்று. அவரைப் பார்க்கப் பார்க்க டெனீஸுக்குக் கோபம் பொங்கியது.

"ரெண்டு தடவை வராதவங்க பேரை எடுத்துடணும், அதான் இங்க விதி. டாக்டர்தான் உங்க பையன் பேரைத் தொடவிட மாட்டேங்கறார். இன்னிக்கு நான் எடுக்கறேன். இனிமே அவருக்கு இங்க நேரம் கிடையாது. நீங்களும் கூப்பிட வேண்டாம்."

"ஐயோ, கண்ணு, அந்தப் பேரை மட்டும்..."

டெனீஸ் போனை வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஒரே தட்டலில் அந்தப் பெயர் போய்விட்டது.

"நெவில், உள்ள போங்க."

"நீ நல்லா இருப்பே பொண்ணே" என்று குழறிக்கொண்டே அவர் எழுந்து போனார். டெனீஸுக்கு மனசு நிறைந்துவிட்டது.

நெவில் வைத்தியம் முடிந்து கிளம்பியதும் டாக்டர் ஓக்டன் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார்.

"லோர்னா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. பையன் பேரை எடுத்துட்டேன் டாக்டர். அந்தப் பொறுப்பில்லாதவனுக்காக எத்தனை நாள்தான் காத்திருக்கிறது?"

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். நெவில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"தப்பு என்னுது டெனீஸ். உன்கிட்ட சொல்லியிருக்கணும். மார்ச்ல அந்தப் படகு கவுந்துடுச்சு. மூணு பேர். ரெண்டு பேரை மீட்டுட்டாங்க. ரீஸ் கிடைக்கவே இல்ல."

டெனீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கயாவது உடம்பு கரை ஒதுங்கினா அடையாளம் பாக்கணும்னு, அந்தப் பல்லோட எக்ஸ்ரேயைப் போலீஸ் வந்து வாங்கிட்டுப் போச்சு."

"லோர்னாவுக்கு... அது தெரியுமா?"

"எல்லாம் தெரியும். பேரை எடுத்துடவான்னு நானே கேட்டேன். கூடாதுன்னுட்டாங்க. நீ வேலைக்கு வந்து அவனைத் திட்ட ஆரம்பிச்சதும், உன்கிட்டயாவது விஷயத்தைச் சொல்றேன்னேன். அதுக்கும் விடல. கெஞ்சினாங்க."

"ஏன் டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"'தீவுல அவன் பேரைச் சொன்னாலே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கறாங்க. சர்ச்ல மெழுகுவத்தி ஏத்தறாங்க. உங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்திதான், இன்னும் ஏன் வரலன்னு அவனைத் திட்டுது. அதைக் கேக்கத்தான் கூப்பிடறேன்'னாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டெனீஸ் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப அடித்தாள். மனசுக்குள் ஆண்டவரை ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டு போனை எடுத்தாள். மணி வெகுநேரம் அடித்தது. அப்புறம் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குரலை இறுக்கிக்கொண்டாள்.

"லோர்னா! அடுத்த வியாழன் பத்து மணி. காத்து கீத்துன்னு கதை சொல்லாம அந்தச் சோம்பேறியை ஒழுங்கா அனுப்பி வைங்க. வரட்டும், காதைத் திருகிடறேன்!"