ஜன்னலுக்குக் கிடைத்த கேடயம்

ஓர் அலுவலகக் கூட்ட அறையில் ஒரு ஜன்னலும் ஒரு டியூப்லைட்டும் இருந்தன. அந்தக் கட்டடத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வழி சொல்லும் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ப்ரொஜெக்டர் படம் தெளிவாகத் தெரிய ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். நடுவர்கள் மதிப்பெண் போட வெளிச்சம் போதவில்லை என்று டியூப்லைட்டைப் போட்டார்கள்.

“அண்ணே, உள்ளே என்ன நடக்குது?” என்று திரைக்குப் பின்னாலிருந்து ஜன்னல் கேட்டது.

“உன்னைப் பத்தித்தான் பேசறாங்க. உன்னைத் திறந்து வெச்சா பகல்ல நான் எரியவே வேண்டாமாம்.”

“ஐயோ, அப்போ உங்க பொழப்பு?”

“முதல்ல பயந்துதான் போனேன். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. அப்புறம்தான் நிம்மதியாச்சு.”

ஜன்னலுக்கு அது புரியவில்லை. நாளைக்குத் திறப்பார்கள் என்று காத்திருந்தது.

மறுநாள் திரையை விலக்கினார்கள். போட்டி நடத்தியதற்காகக் கட்டடத்துக்குக் கிடைத்த கேடயத்தை ஓர் அலமாரியில் வைத்து, அந்த அலமாரியை ஜன்னலை அடைத்து நிறுத்தினார்கள். இருட்டில் கேடயம் தெரியவில்லை என்று அலமாரிக்குள் ஒரு பல்பும் மாட்டினார்கள்.

“அண்ணே, இப்போ என்ன நடக்குது?” என்றது ஜன்னல்.

“உன்னைத் திறக்கச் சொன்ன யோசனைக்குத்தான் மரியாதை பண்றாங்க,” என்றது டியூப்லைட். “எனக்கு ஒரு தம்பி வந்திருக்கான்.”