மீன்கண் லென்ஸில் ஒரு கீறல்

ஊதிப் பார்த்தேன். மென்தூரிகையால் தட்டினேன். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் துடைத்தேன்.

கீறல் அசையவில்லை.

மற்ற லென்ஸ்களுக்கு முன்னால் ஒரு காப்புக் கண்ணாடியைத் திருகிவிடலாம். மீன்கண் லென்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோபித்துக்கொண்ட தவளை மாதிரி கண் வெளியே பிதுங்கி நிற்கும். எதன்மேலாவது உரசினால் தீர்ந்தது கதை.

மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கையில் துணிப்பை.

என் மனைவியின் அண்ணன். வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து நான்கு வருடமாக எங்கள் வீட்டில், என் ஸ்டுடியோவில்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு உடற்பயிற்சிக் கூடத்தைப் படமெடுக்கப் போனோம். கேமரா இருவர் கையிலும் மாறி மாறி இருந்தது. திரும்பி வந்தால் கீறல். இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கும் நானா கீறியிருப்பேன்?

"கை நடுங்குதுன்னா வீட்டோட இருக்கறதுதானே மச்சான்" என்று காலையில் கேட்டுவிட்டேன். அதன் பலன்தான் அந்தப் பை.

"நான் அதைக் கீழ வைக்கவே இல்ல மாப்பிள்ளை" என்றார் இப்போதும், என்னைப் பார்க்காமல்.

"அண்ணன் படி இறங்கினா பின்னாலயே நானும் இறங்கிடுவேன். அப்புறம் உங்க லென்ஸ் வந்து சோறு போடட்டும்" என்றாள் மனைவி.

"இரு. கார்டுல எல்லாம் இருக்கு. பாத்துட்டா தெரிஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நாற்பத்தொன்றாவது படம் சுத்தம். நாற்பத்து மூன்றில் கீறல் பட்டு ஜன்னல் வெளிச்சம் கோடாக இழுத்திருந்தது.

நடுவில் ஒன்று, விரல் தவறி அழுத்திய படம்.

சிமென்ட் திண்டு லென்ஸை முட்ட வருகிறது. மீன்கண் லென்ஸ் பாதி உலகத்தையே விழுங்கும், பிடித்திருப்பவனையும் விடாது. படத்தின் விளிம்பில் வில்லாக வளைந்து, இரண்டு பழுப்பு ஷூக்கள்.

மச்சானுக்குக் கால் வீக்கம். ஷூ போட்டு ஆறு வருடம் ஆகிறது.

அன்று என் போன் அடித்தது ஞாபகம் வந்தது. அவசரமாகக் கேமராவைத் திண்டில் வைத்ததும்.

"என்ன, தெரிஞ்சுதா?" மனைவி கிட்டே வந்தாள்.

அழித்தேன்.

"ஒண்ணும் தெளிவா இல்ல" என்றேன். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "போகட்டும் விடுங்க மச்சான். நான் மனசுல வச்சுக்கல. உள்ள வாங்க."

மனைவி காலையிலிருந்து முதல்முறையாக என்னை மனிதனாகப் பார்த்தாள்.

மச்சான் பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுப் பாத்தா, நான்தான் எங்கேயோ வச்சிருப்பேன் போல மாப்பிள்ளை. வயசாகுதுல்ல."

"பரவால்ல" என்றேன்.