கைதிக்கு ஒரு கம்பளிச் சட்டை

"எனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துடு. உன் பொண்டாட்டி என்னை மனுஷனாவே மதிக்கல."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன், பாதிக் காலை ஷூவுக்குள் விட்டபடி நின்றான். "என்னப்பா செஞ்சா?"

"ஒண்ணுமே செய்யல, அதான் கேஸு. வந்து இத்தனை நாள்ல ஒரு தடவை என் மூஞ்சியப் பார்த்துப் பேசியிருக்காளா? 'சாப்பிட வாங்க மாமா'ன்னு ஒரு வார்த்தை? ரூம் வாசல்ல தட்டை வெச்சுட்டு அவ பாட்டுக்குப் போறா."

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே ஏட்டையா என்று கூப்பிட்ட மனிதருக்குச் சாட்சிகளை அடுக்குவது கைவந்த கலை. மனைவி போன பிறகு தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மகன் கையோடு விமானம் ஏற்றிக் கூட்டி வந்திருந்தான். அன்றிலிருந்து மாடி அறையே கதி. வெளியே குளிர், தெருவில் புரியாத மொழி, வீட்டுக்குள் முகம் கொடுக்காத மருமகள்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறுங்கப்பா. அப்பவும் போகணும்னா நானே ஏத்தி விடறேன்."

மாமனாரைப் பார்க்கத்தான் மருமகளுக்கு நேரம் இல்லையே தவிர, நாயைப் பார்க்க இருந்தது. அடிபட்டு மிரண்டுபோன நாய்களைக் காப்பகத்திலிருந்து வாங்கி வந்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்து அனுப்புவது அவள் வழக்கம். பயம் தெளிந்து நாய் தானாக வந்து சாப்பிடுகிற அன்று, தன் கையால் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்றை அதற்குப் போட்டுவிடுவாள். மாடிப்படிச் சுவர் முழுக்கச் சட்டை போட்ட நாய்களின் படங்கள்தான்.

ஏட்டையா வந்த அதே வாரத்தில், காது கிழிந்த ஒரு குட்டைக் கறுப்பு நாயும் வந்து சேர்ந்தது. சோபாவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, ஆள் சத்தம் கேட்டாலே நடுங்கியது. ஏட்டையா அதற்குக் கைதி என்று பெயர் வைத்தார்.

ஒரு நாள் மருமகள் அவர் அறைக் கதவோரம் வந்து நின்றாள். "மாமா, கைதிக்கு ஆம்பளைங்கன்னா பயம். நீங்க தினம் கொஞ்ச நேரம் கீழ வந்து உக்காந்தா பழகிக்கும். கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம். கண்ணைப் பார்த்தா மிரட்டறோம்னு நினைச்சுக்கும். கையில ஏதாவது வேலைய வெச்சுக்கிட்டு உங்க பாட்டுக்கு இருந்தா போதும்."

கண்ணைப் பார்த்தே திருடனைக் கக்க வைத்த மனிதரிடம் போய்க் கண்ணைப் பார்க்காதே என்றால் எப்படி இருக்கும்? இருந்தாலும் அந்த வாயில்லா ஜீவனை நினைத்தால் பாவமாக இருந்தது. இறங்கி வந்தார்.

அவர் கையில் மஞ்சள் நூல்கண்டையும் கொக்கி ஊசியையும் கொடுத்து, பின்னல் போடச் சொல்லித் தந்தாள். அப்போதும் ஊசியைத்தான் பார்த்தாளே தவிர அவரைப் பார்க்கவில்லை. திமிர்தான் என்று ஏட்டையா மனதுக்குள் எழுதிக்கொண்டார்.

லத்தி பிடித்த கைக்கு முதலில் சிக்கல் போடத்தான் வந்தது. பிறகு மெல்ல வசப்பட்டு, மஞ்சள் நிறத்தில் கோணல்மாணலாக ஏதோ ஒன்று வளர்ந்தது. மாடியில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்ததற்கு இது எவ்வளவோ தேவலை என்று அவருக்கே தோன்றியது.

எதிர் மூலையில் மருமகள் நீல நூலில் பெரிதாகப் பின்னிக்கொண்டிருந்தாள். "கைதி இத்துனூண்டு இருக்கான். அதுக்குள்ள நாலு கைதி நுழைவானே?" என்றார்.

"தாராளமா இருக்கட்டும் மாமா," என்றாள், தலை நிமிராமல்.

பின்னிக்கொண்டே ஏட்டையா பேசவும் ஆரம்பித்தார். மனைவி அவருடைய மீசையைக் கேலி செய்தது, அவர் ராத்திரி டியூட்டி முடித்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்தது, கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் நாயிடம்தான் சொன்னார். மருமகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

நாய் முதலில் மூக்கை நீட்டியது. பிறகு அவர் செருப்பை முகர்ந்தது. அப்புறம் செருப்பின் மேலேயே தலையை வைத்துத் தூங்கியது.

மாசக் கடைசி வந்தது. அன்று மாலை மகனும் மருமகளும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மாடிப்படியில் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. ஏட்டையாவே இறங்கி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குதும்மா. எனக்கும் ஒரு தட்டு வை."

மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்பா, அந்த டிக்கெட்..."

"ஏன்டா, என்னைத் துரத்தறதுலயே குறியா இருக்க? கைதியோட கேஸ் யார் பார்ப்பா?"

சொல்லி வாய் மூடவில்லை, சோபாவின் பின்னாலிருந்து நாய் வந்தது. தட்டிலிருந்து பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்திருந்த ரொட்டித் துண்டை நிதானமாக எடுத்துத் தின்றது. ஏட்டையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியாம்மா, தானா வந்து சாப்பிட்டுட்டான். கொண்டா அந்தச் சட்டைய."

மருமகள் உள்ளே போய் எடுத்து வந்தாள். குனிந்து நாய்க்குப் போட்டுவிட்டாள். அது ஏட்டையா பின்னிய மஞ்சள் கோணல். நாய்க்குக் கச்சிதமாக இருந்தது.

"அப்ப அந்த நீலம்?"

அவள் தன் தோளில் போட்டிருந்த நீலச் சட்டையை உதறி விரித்தபடி அவருடைய நாற்காலிக்கு அருகே வந்தாள். முதல் தடவையாக அவர் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"கையை நீட்டுங்க மாமா."