சாரத்துக்குள் தளும்பியது

"தம்பையாண்ணே, நில்லுங்க. சாரத்துக்குள்ள என்ன தளும்புது?"

தேயிலைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்ட ஓரடிதான் பாக்கி. வாச்சர் வீரய்யாவின் தடி குறுக்கே விழுந்தது. பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் மஸ்கட் இனிப்புப் பார்சலோடு சீட்டியடித்துக்கொண்டு வந்த தம்பையாவுக்குச் சீட்டி பாதியில் நின்றது.

பொலித்தீன் பையில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, இடுப்பில் கட்டி, மேலே உடுத்திய சாரத்தை இறக்கிவிடுவது. தோட்டத்துக்குக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் வருகிற வழி அதுதான், எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலு வருடமாக ஒருத்தர் மடியைக்கூடத் தொட்டுப் பார்க்காத வீரய்யாவுக்கு இன்றைக்கு மட்டும் என்ன வந்தது?

"ஒண்ணுமில்ல தம்பி, வயிறு."

"வயிறு ஒரு பக்கம் மட்டுமா வீங்கும்? உள்ள வாங்க."

கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "தம்பையாண்ணனுமா!" என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பையாவுக்கு உயிரே போய்விட்டது. மனைவி பெரியாயியைத் தவிர யாருக்கும் தெரியாமல் ஒரு வருடமாகக் கட்டிக்காத்த ரகசியம். லயத்து வீடுகளுக்குத் தெரிந்தால் தலைகாட்ட முடியாது.

வீரய்யா பெண்களை விரட்டிவிட்டு, கேட்டருகே இருந்த தகர அறையின் கதவைச் சாத்தினான். தம்பையா கண்ணை மூடிக்கொண்டு சாரத்தை ஒரு சாண் இறக்கினார். வயிற்றில் ஒட்டியிருந்த பையில் மஞ்சளாகத் தண்ணீர்.

"மூத்திரம்டா. ஒரு மொடக்கு குடிச்சுப் பாக்கிறியா?"

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த சந்தோஷம் எல்லாம் சேர்ந்து வெளியே கொட்டியது.

"மூத்திரப் பையில கேன்சர்டா! உள்ள இருந்த பைய எடுத்துட்டு வெளிய ஒண்ண மாட்டிவிட்டாங்க. இன்னைக்கு ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க டாக்டரம்மா. அதான் மஸ்கட். இந்தா, தின்னு!"

வீரய்யா வாங்கினான், வாயில் வைக்கவில்லை. "மொதல்ல எப்புடித் தெரிஞ்சுச்சு? வலிச்சுச்சா?"

"வலியே இல்ல. ஒரு நாள் பீட்ரூட் தண்ணி மாதிரி போச்சு, மறுநாள் சரியாயிருச்சு. நானும் மூணு மாசம் விட்டுட்டேன். டாக்டரம்மாகிட்ட என்னா ஏச்சு! மொதத் தடவையே வந்திருந்தா கேமராவ விட்டுப் பாத்து, சுரண்டி எடுத்திருக்கலாமாம். உள்பையும் தப்பிச்சிருக்குமாம். குடிச்ச பீடிக்கும் தனியா ஒரு ஏச்சு."

வீரய்யா காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தான்.

தம்பையா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "கசிப்பு இல்லைன்னு கண்ணால பாத்துட்டல்ல? வெளிய மூச்சு விட்ட, மவனே, தொலைஞ்ச!"

வீரய்யா கதவைத் திறக்கவில்லை. கையிலிருந்த மஸ்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கசிப்பு இல்ல, மூத்திரப் பைன்னு பெரியாயி அக்கா போன மாசமே சொல்லிருச்சுண்ணே. எனக்கும் ரெண்டு கெழமையா செவப்பாத்தான் போகுது, நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?"